முகவரிக் குலுக்கல்: கைப்பேசி இயங்குதளங்களில் நினைவக இடமறைப்பும் அதன் எல்லைகளும்

ஆய்வுச்சுருக்கம்

கைப்பேசி நிரல்களில் எஞ்சிக் கிடக்கும் நினைவகப் பிழைகளைத் தாக்குவோர் கைக்கொள்ளாதவாறு, நிரலின் உறுப்புகளை முன்னறிய இயலாத முகவரிகளில் இருத்தும் பாதுகாப்பு முறை ஆங்கிலத்தில் ஏ.எஸ்.எல்.ஆர். எனச் சுருக்கமாக வழங்கப்பெறுகிறது. இம்முறை செயற்படும் விதம், கைப்பேசிக்கு வந்த வரலாறு, அதன் வலிமையை முடிவுசெய்யும் காரணிகள் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. இம்முறை பிழையைத் திருத்துவதில்லை. திருத்தம் வந்து சேரும்வரை அவகாசத்தை ஈட்டித் தருகிறது. அந்த அவகாசம் எல்லாக் கைப்பேசிகளுக்கும் ஒரே அளவில் கிட்டுவதில்லை என்பதும், நினைவகம் குறைந்த எளிய கருவிகளுக்கே அது மிகக் குறைவாக வாய்க்கிறது என்பதும் இக்கட்டுரையின் முடிவுகளாகும்.

திறவுச்சொற்கள்: நினைவகம், முகவரி, முகவரிக் குலுக்கல், சார்பு முகவரி, நான்கெல்லை, ஆண்ட்ராய்டு, ஐ.ஓ.எஸ்.

முன்னுரை

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் செல்லும் நெடுஞ்சாலையில் வில்லியனூரைக் கடந்து மேற்கே சென்றால் திருவாண்டார்கோயில் வரும். தேவாரத்தில் வடுகூர் எனப் போற்றப்பெறும் தலம் இதுவே. இங்குள்ள வடுகீசுவரர் கோயில் சோழர் காலக் கல்வெட்டுகளைக் கொண்டது. இன்று இவ்வூரின் கடைகளிலும் பணம் கைமாறுவதற்குக் கைப்பேசியே போதும். வங்கிக் கணக்கு, ஆதார் எண், குடும்ப அட்டை விவரம், பிள்ளைகளின் படிப்புச் சான்று ஆகியன ஒரு சிறு கருவிக்குள் அடங்கிவிட்டன. பத்திரத்தைப் பெட்டியில் பூட்டி வைத்த தலைமுறைக்குப் பூட்டு எங்குள்ளது என்பது தெரியும். கைப்பேசியின் பூட்டுகளோ கண்ணுக்குப் புலப்படாதவை. அவற்றுள் ஒன்றே இக்கட்டுரையின் பொருள்.

அறிவியல் தமிழில் இம்முறைக்கு நிலைபெற்ற சொல் இன்னும் அமையவில்லை. 'முகவரிவெளி அமைப்பைச் சீரற்றதாக்கல்' என நேர்பொருளில் வழங்கினால் சொல் நீள்கிறது, செயலும் விளங்குவதில்லை. பலவற்றுள் ஒன்றைச் சார்பின்றி எடுத்தலைத் தமிழர் 'குலுக்கல்' என்பர். குலுக்கலில் எது வரும் என்பதைக் குலுக்குபவரும் முன்கூட்டி அறியார். இப்பொருத்தம் கருதி 'முகவரிக் குலுக்கல்' என்னும் சொல் இக்கட்டுரையில் ஆளப்படுகிறது.

1. நினைவகமும் முகவரியும்

கைப்பேசியின் நினைவகத்தை எண்ணிடப்பட்ட சிறு அறைகளின் நீண்ட வரிசையாகக் கொள்ளலாம். ஒவ்வோர் அறையின் எண்ணும் அதன் முகவரி. 32 பிட் அளவுள்ள முகவரிகளைக் கையாளும் கருவியில் ஒரு நிரலுக்குச் சுமார் 429 கோடி முகவரிகள் உள்ளன. 64 பிட் கருவிகளில் இவ்வெளி அதனினும் பன்மடங்கு விரிகிறது. 39 பிட்டுகளை மட்டும் பயன்படுத்தினாலும் 512 ஜிகாபைட் பரப்புக் கிடைக்கும். இவை நிரல் காணும் முகவரிகளே. கருவியில் பொருத்தப்பட்ட நினைவகத்தின் உண்மை அளவு அல்ல. நிரல் காணும் முகவரியை உண்மையான இடத்தோடு இணைக்கும் பணியை இயங்குதளம் மேற்கொள்கிறது.

ஒரு நிரல் இயங்கத் தொடங்கும்போது அதன் உறுப்புகள் இவ்வெளியில் இடம்பெறுகின்றன. நிரலின் கட்டளைகள் ஒரு பகுதியிலும், பல நிரல்களுக்கும் பொதுவான கட்டளைத் தொகுப்புகளாகிய நிரலகங்கள் வேறு பகுதிகளிலும் அமையும். தற்காலிகக் கணக்குகளுக்கு 'அடுக்கு' என்னும் பகுதியும், தேவைக்கேற்ப வளரும் தரவுகளுக்குக் 'குவியல்' என்னும் பகுதியும் உண்டு. இவ்வாறு இயங்கிக்கொண்டிருக்கும் நிரல் 'செயலாக்கம்' எனப்படும்.

2. பிழை தாக்குதலாக மாறும் விதம்

சி, சி++ ஆகிய நிரல்மொழிகள் விரைவுக்குப் பெயர்பெற்றவை. ஒரு பெட்டியில் எத்தனை எழுத்துகள் அடங்கும் என்பதை இம்மொழிகள் தாமாகச் சரிபார்ப்பதில்லை. 64 எழுத்துகளுக்கு ஒதுக்கிய இடத்தில் 100 எழுத்துகள் வந்தால், மிகுதி 36 எழுத்துகளும் பக்கத்து அறைகளில் வழிந்து விழும். அடுக்குப் பகுதியில் இவ்வாறு நேரின் விளைவு கடுமையானது. ஒரு வேலை முடிந்தபின் எந்த முகவரிக்குத் திரும்ப வேண்டும் என்னும் குறிப்பும் அந்த அடுக்கிலேயே எழுதப்பட்டிருக்கிறது. வழிந்த எழுத்துகள் அக்குறிப்பை அழித்துப் புதிய முகவரியை எழுதிவிட்டால், செயலி அதனை ஐயுறாது அங்கே செல்லும். 1988 நவம்பரில் இணையத்தில் பரவிய மோரிசு புழு பயன்படுத்திய வழிகளுள் இதுவும் ஒன்று.

தொடக்கத்தில் தாக்குவோர் தம் கட்டளைகளையே அந்தத் தரவுக்குள் வைத்து அனுப்பினர். தரவுப் பகுதியில் உள்ளவற்றைக் கட்டளையாக இயக்கலாகாது என்னும் தடை பின்னர் வந்தது. தாக்குவோர் வேறு வழி கண்டனர். நினைவகத்தில் முன்னரே அமைந்துள்ள நிரலகங்களின் கட்டளைகளைத் துணுக்குத் துணுக்காகக் கோத்துத் தாம் வேண்டும் செயலைச் செய்வித்தனர். வீட்டுக்குள் ஆயுதம் கொண்டுவர இயலாத கள்வன் அவ்வீட்டுச் சமையலறைக் கத்தியை எடுப்பதைப் போன்றது இது. ஆயினும் கத்தி எங்கே இருக்கிறது என்பது கள்வனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரே வகைக் கைப்பேசிகள் அனைத்திலும் ஒரு நிரலகம் ஒரே முகவரியில் இருந்தால், ஒன்றைக் கொண்டு கற்ற பாடம் கோடிக் கருவிகளுக்கும் பொருந்தும். இந்த ஒருமையைக் குலைப்பதே முகவரிக் குலுக்கலின் நோக்கம்.

3. சார்பு முகவரியும் நான்கெல்லையும்

லினக்ஸ் கெர்னலுக்கான திருத்தத் தொகுப்பாகிய பேக்ஸ் என்னும் திட்டம் 2001இல் இம்முறையை வடிவமைத்துப் பெயரும் இட்டது. 2003இல் ஓப்பன்பி.எஸ்.டி., 2005இல் லினக்ஸ் 2.6.12, 2007இல் விண்டோஸ் விஸ்டா என மேசைக்கணினிகளிலும் வழங்கிகளிலும் அது பரவியது. நிரலகத்தை ஒவ்வொரு முறையும் வெவ்வேறிடத்தில் இருத்துவதாயின், அதன் கட்டளைகள் எங்கு வைத்தாலும் இயங்கும் வகையில் எழுதப்பட வேண்டும். இதனை விளக்கக் கல்வெட்டு வழக்கு ஒன்று துணைசெய்கிறது.

சோழர் கால நிலக்கொடைக் கல்வெட்டுகள் நிலத்தை எண்ணால் சுட்டுவதைவிட எல்லையால் சுட்டுவதே பெருவழக்கு. கீழ்பாற்கெல்லை இன்ன வாய்க்காலுக்கு மேற்கு, தென்பாற்கெல்லை இன்னார் நிலத்துக்கு வடக்கு, மேல்பாற்கெல்லை, வடபாற்கெல்லை என நான்கு பக்கமும் சுற்றி உரைத்து, அந்த நான்கெல்லைக்கு உட்பட்ட நிலம் எனக் கல்வெட்டு முடிக்கும். பாகூர் சு. குப்புசாமி தொகுத்துக் கோ. விசயவேணுகோபால் பதிப்பித்து 2006இல் வெளிவந்த புதுச்சேரி மாநிலக் கல்வெட்டுகள் இப்பகுதியின் ஆவண மரபை அறியச் சிறந்த வாயில். இன்றைய கிரயப் பத்திரங்களும் புல எண்ணோடு நான்கெல்லையையும் எழுதுகின்றன. புல எண் தனிநிலை முகவரி. நான்கெல்லை சார்பு முகவரி. முன்னது ஊர்க்கணக்கைச் சார்ந்து நிற்கும். பின்னது அண்டை நிலத்தைச் சார்ந்து நிற்கும்.

இடஞ்சாராக் கட்டளைகள் இந்த நான்கெல்லை முறையில் எழுதப்படுகின்றன. 'இன்ன எண்ணுள்ள அறைக்குச் செல்க' என்று கூறாமல், 'இவ்விடத்திலிருந்து 400 அறைகள் தள்ளிச் செல்க' என்று கூறுகின்றன. எனவே தொகுப்பு முழுவதையும் வேறிடத்துக்கு நகர்த்தினாலும் உள்ளமைப்புச் சிதைவதில்லை. ஓர் ஊர் தன் கோயில், குளம், தெருக்களோடு ஒவ்வொரு நாளும் வேறொரு வெளியில் பெயர்ந்து அமைவதாகக் கற்பனை செய்தால் இது விளங்கும். ஊருக்குள் வாழ்பவர்க்கு இடையூறு இல்லை. வெளியிலிருந்து வருபவர்க்கே ஊர் எங்கே எனத் தெரியாது.

இம்முறையின் வலிமை எதுவோ அதிலேயே அதன் மெலிவும் அடங்கியுள்ளது. ஊர் பெயர்ந்தாலும் கோயிலுக்கும் குளத்துக்கும் இடையே உள்ள தொலைவு மாறுவதில்லை. கோயில் இருக்குமிடம் ஒருவனுக்குத் தெரிந்துவிட்டால் ஊர் முழுவதும் தெரிந்ததாகும். அதுபோல, ஒரு நிரலகத்தின் ஏதேனும் ஒரு முகவரி வெளிப்பட்டுவிட்டால், அதிலுள்ள ஆயிரக்கணக்கான கட்டளைகளின் முகவரிகளும் கழித்தல் கணக்கு ஒன்றில் கிடைத்துவிடும்.

4. கைப்பேசிக்கு வந்த வரலாறு

தொடக்ககாலத் திறன்பேசிகளில் இப்பாதுகாப்பு இல்லை. ஆப்பிள் நிறுவனம் 2011 மார்ச்சில் ஐ.ஓ.எஸ். 4.3 பதிப்பில் இதனை அறிமுகப்படுத்தியது. அதே ஆண்டு அக்டோபரில் ஆண்ட்ராய்டு 4.0 வெளிவந்தது. அதில் நிரலகங்களும் அடுக்கும் இடம் மாறின. முதன்மை நிரலும், நிரலகங்களை ஏற்றித் தரும் இணைப்பியும் நிலையான இடத்திலேயே இருந்தன. ஊரின் பெரும்பகுதி பெயர்ந்தும் எல்லைக்கல் பெயராதிருந்தமையால் தாக்குவோர்க்கு அக்கல்லே வழிகாட்டிற்று. 2012இல் வந்த ஆண்ட்ராய்டு 4.1 இக்குறையைக் களைந்தது. இடஞ்சாராத வகையில் எழுதப்படாத முதன்மை நிரல்களை 2014இல் ஆண்ட்ராய்டு 5.0 இயக்கவே மறுத்தது. 2016இல் வெளிவந்த 7.0 பதிப்பு, கருவி தொடங்கும்போது நிரலகங்கள் ஏற்றப்படும் வரிசையையும் குலுக்கலுக்கு உட்படுத்தியது.

இயங்குதளத்தின் கருப்பகுதியாகிய கெர்னல் இத்தகைய காப்பைப் பெறுவதற்குக் காலம் பிடித்தது. ஆப்பிள் 2012இல் ஐ.ஓ.எஸ். 6 பதிப்பிலும், ஆண்ட்ராய்டு 2017இல் 8.0 பதிப்பிலும் கெர்னலின் முகவரியைக் குலுக்கத் தொடங்கின. கெர்னல் எழுவதற்கு முன் குலுக்கலுக்குரிய எண்ணைத் தருவதற்கு எவரும் இல்லை. ஆகவே கருவியைத் தொடங்கிவைக்கும் சிறு நிரல் ஒரு விதை எண்ணைக் கெர்னலுக்கு வழங்க வேண்டும். இதற்கு உற்பத்தியாளரின் ஒத்துழைப்புத் தேவை. இயங்குதளத்தை எழுதுவோர் மட்டும் முயன்று நிறைவேற்றும் காப்பு அன்று இது என்பது இதனால் பெறப்படும்.

5. குலுக்கலின் அகலம்

குடத்தில் இரண்டு ஓலை மட்டும் இருந்தால் குலுக்கலுக்குப் பொருளில்லை. எத்தனை இடங்களுள் ஒன்று தெரிவு செய்யப்படுகிறது என்பதே காப்பின் அளவு. ஹோவாவ் ஷாகம் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்ட ஆய்வு இதனை முதன்முதலில் அளந்து காட்டியது. 32 பிட் கணினியில் 16 பிட் அளவே குலுக்கப்பட்ட நிரலகத்தின் இடத்தைத் தொடர்ந்து ஊகித்துச் சராசரியாக 216 நொடிகளில் அவர்கள் கண்டறிந்தனர்.

கைப்பேசியில் இக்கேள்வி 2015இல் கூர்மையடைந்தது. அவ்வாண்டு சூலையில் ஆண்ட்ராய்டின் ஸ்டேஜ்ஃபிரைட் என்னும் ஒளிப்படக்காட்சி நிரலகத்தில் பல பிழைகள் இருப்பதை சிம்பேரியம் நிறுவனத்தின் ஜோசுவா டிரேக் வெளிப்படுத்தினார். பல்லூடகக் குறுஞ்செய்தியாக வரும் காணொளியே தாக்குதலாக அமையக்கூடும். பயனர் அதனைத் திறக்கவும் வேண்டியதில்லை. பெரும்பாலான கருவிகளில் முகவரிக் குலுக்கல் உள்ளது என்பது அன்று கூறப்பட்ட ஆறுதல். அவ்வாண்டு செப்டம்பரில் கூகுளின் புராஜெக்ட் சீரோ குழுவைச் சேர்ந்த மார்க் பிராண்டு அந்த ஆறுதலின் அளவைச் சோதித்தார். 32 பிட் செயலாக்கத்தில் நிரலகங்களின் இடம் 8 பிட் அளவே குலுக்கப்பட்டது. எனவே ஒரு நிரலகம் 256 இடங்களுள் ஒன்றில்தான் இருக்க முடியும். ஊகம் தவறினால் ஊடகச் செயலாக்கம் முறியும். இயங்குதளம் அதனை உடனே மீண்டும் எழுப்பும். தாக்குவோர் மீண்டும் முயல்வர். 2016 மார்ச்சில் இசுரேலிய நிறுவனமாகிய நார்த்பிட், மெட்டஃபர் என்னும் ஆய்வில், ஊகத்துக்கே இடமின்றி முகவரியைக் கசியச் செய்து இதே நிரலகத்தைத் தாக்க முடியும் எனக் காட்டியது.

குலுக்கலின் அகலம் தரும் அவகாசத்தை எளிய கணக்கால் காணலாம். 5 நொடிக்கு ஒருமுறை முயல முடியும் எனவும், ஒவ்வொரு முறியலுக்குப் பின்னும் இடம் புதிதாகக் குலுக்கப்படுகிறது எனவும் கொள்வோமாயின், 8 பிட் குலுக்கலில் சராசரியாக 256 முயற்சிகள், அதாவது 21 நிமிடம் 20 நொடி போதும். 16 பிட் குலுக்கலில் 65,536 முயற்சிகள். சுமார் 3 நாள் 19 மணி நேரம். 24 பிட் குலுக்கலில் 1,67,77,216 முயற்சிகள். சுமார் 2 ஆண்டு 8 மாதம். ஆண்ட்ராய்டு 7.0 பதிப்பு, 64 பிட் ஆர்ம் செயலாக்கங்களுக்குக் குறைந்தது 24 பிட் என்றும், 32 பிட் செயலாக்கங்களுக்கு 16 பிட் என்றும் அளவை உயர்த்தியது. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் முகவரி வெளியின் பரப்பே. சிறிய வயலில் ஊரை அடிக்கடி இடம் மாற்ற முடிவதில்லை.

இங்கே சமூகக் கேள்வி ஒன்று எழுகிறது. 2017இல் இந்தியாவில் அறிமுகமான ஜியோபோன் 512 மெகாபைட் நினைவகமும் 32 பிட் செயலியும் கொண்டது. அவ்வாண்டு இறுதியில் வந்த ஆண்ட்ராய்டு கோ பதிப்பு 1 ஜிகாபைட்டும் அதற்குக் குறைவுமான நினைவகம் உள்ள கருவிகளுக்காக அமைந்தது. நினைவகம் குறைந்த கருவிகளில் 32 பிட் நிரல்கள் குறைந்த இடத்தை எடுப்பதால் அவையே விரும்பப்பட்டன. விலை குறைந்த கைப்பேசியை வாங்குபவர் குறைந்த படக்கருவியையும் குறைந்த சேமிப்பையும் அறிந்தே ஏற்கிறார். குலுக்கலின் அகலமும் குறைகிறது என்பதை எந்த விற்பனை அட்டையும் அவருக்குச் சொல்வதில்லை.

6. பகிர்வினால் வரும் மெலிவு

கைப்பேசியின் மின்கலமும் நினைவகமும் அளவுடையன. ஆதலின் பகிர்தலும் சிக்கனமும் கைப்பேசி இயங்குதளங்களின் இயல்பாயின. அச்சிக்கனமே குலுக்கலைத் தளர்த்துகிறது.

ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு செயலியையும் அடிமுதல் எழுப்பினால் நேரம் ஆகும். அதனால் சைகோட் என்னும் தாய்ச் செயலாக்கம் ஒன்று கருவி தொடங்கும்போதே தேவையான நிரலகங்களை ஏற்றிக்கொண்டு காத்திருக்கிறது. ஒரு செயலியைத் தொட்டவுடன் சைகோட் தன்னைப் படியெடுத்து அச்செயலியாக மாறுகிறது. உயிரியலில் கருவுற்ற முட்டையைக் குறிக்கும் சொல் இதற்குப் பெயராயிற்று. படியெடுக்கும்போது முகவரி அமைப்பும் அப்படியே மரபுரிமையாக வருகிறது. வங்கிச் செயலியும் விளையாட்டுச் செயலியும் பொது நிரலகங்களை ஒரே முகவரிகளில் காண்கின்றன. கருவியை மீண்டும் தொடங்கும்வரை இது மாறுவதில்லை. ஒரு செயலியில் கசிந்த முகவரி மற்றொன்றைத் தாக்க உதவும். முறிந்து எழும் செயலியும் பழைய இடத்திலேயே எழுவதால், தவறிய ஊகங்களைக் கழித்துக்கொண்டே சென்று தாக்குவோர் விடையை நெருங்கலாம்.

ஜார்ஜியா தொழில்நுட்பக் கல்வி நிறுவன ஆய்வாளர்கள் 2014இல் இக்குறையை விளக்கி, மொருலா என்னும் மாற்றை முன்வைத்தனர். வெவ்வேறாகக் குலுக்கப்பட்ட தாய்ச் செயலாக்கங்கள் சிலவற்றை முன்கூட்டியே ஆயத்தமாக வைத்திருத்தல் அதன் அடிப்படை. ஆண்ட்ராய்டின் திறமூலத்திலிருந்து உருவான கிராஃபீன் ஓ.எஸ். படியெடுப்பதைத் தவிர்த்து ஒவ்வொரு செயலியையும் புதிதாகவே எழுப்புகிறது. செயலி திறப்பதற்குச் சற்றுக் கூடுதல் நேரமும் நினைவகமும் அதற்கான விலை.

ஐ.ஓ.எஸ். வேறு வகையில் சிக்கனம் செய்கிறது. கணினி நிரலகங்கள் அனைத்தும் முன்னரே ஒரே தொகுதியாகப் பிணைக்கப்பட்டுள்ளன. அத்தொகுதி கருவி தொடங்கும்போது ஒருமுறை குலுக்கப்பட்டு எல்லாச் செயலாக்கங்களுக்கும் பொதுவாகிறது. இதன் விளைவை அடுத்த பகுதி காட்டும்.

7. கசிவும் கணிப்பும்

புராஜெக்ட் சீரோவின் சாமுவேல் குரோசு 2020 சனவரியில் வெளியிட்ட ஆய்வு, தொலைவிலிருந்தே ஐபோனின் குலுக்கலை முறியடிக்கும் முறையை விவரித்தது. ஐமெசேஜ் சேவையில் ஒரு செய்தி சென்றடைந்ததும் அனுப்பியவர்க்கு ஒப்புகை வரும். ஓர் ஊக முகவரியைத் தொடுமாறு ஆக்கப்பட்ட செய்தியை அனுப்பினால், ஊகம் தவறெனில் செய்திச் செயலாக்கம் முறியும்; ஒப்புகை வாராது. ஊகம் சரியெனில் ஒப்புகை வரும். ஒப்புகை என்னும் சிறு வசதியே ஆம், இல்லை என விடையிறுக்கும் குறிசொல்லியாக மாறியது. பொதுத் தொகுதி, செயலாக்கம் முறிந்த பின்னும் இடம் மாறாமையால் விடைகளைச் சேர்த்துச் சில நிமிடங்களில் இடத்தை அறிய முடிந்தது.

ஆப்பிள் 2020இல் வெளியிட்ட ஐ.ஓ.எஸ். 14 மூன்று மாற்றங்களைச் செய்தது. இத்தகைய செயலாக்கம் முறிந்தால் அதற்கான பொதுத் தொகுதி புதிய இடத்தில் அமையும். தொடர்ந்து முறியும் சேவை எழுவதற்கான இடைவெளி மடங்கு மடங்காக நீளும். செய்திகளைப் பிரித்தறியும் பணி பிளாஸ்ட்டோர் என்னும் தனியறைக்கு மாற்றப்பட்டது.

2021 செப்டம்பரில் சிட்டிசன் லேப் வெளிப்படுத்திய ஃபோர்ஸ்டுஎன்ட்ரி என்னும் தாக்குதல் இவற்றையும் கடந்தது. என்.எஸ்.ஓ. நிறுவனத்தின் பெகாசசு உளவு மென்பொருளோடு இணைத்து அறியப்பட்ட இத்தாக்குதல், பழைய படச் சுருக்க முறை ஒன்றின் கட்டளைகள் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவற்றைக் கோத்து, கூட்டவும் ஒப்பிடவும் வல்ல ஒரு சிறு கணக்குப்பொறியைப் பாதிக்கப்பட்ட நினைவகத்துக்குள்ளேயே உருவாக்கியது. முகவரி வெளியே கசிய வேண்டிய தேவை அற்றுப்போயிற்று. உள்ளே இருந்த ஒரு முகவரியை எடுத்து, மாறாத இடைத்தொலைவை உள்ளேயே கூட்டிக் கணக்கிட்டது. நான்கெல்லை மாறாமையின் விளைவு இதனினும் தெளிவாக வெளிப்பட்டதில்லை.

இந்தியாவில் இது ஏட்டளவிலான செய்தி அன்று. 2019இல் வாட்ஸ்அப் அழைப்பு வசதியில் இருந்த நினைவக வழிவுப் பிழை வாயிலாகச் சுமார் 1,400 பேரின் கருவிகள் குறிவைக்கப்பட்டன. அவர்களுள் இந்தியரும் அடங்குவர். பெகாசசு பற்றிய முறையீடுகளை ஆராய உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபர் 27இல் நீதியரசர் ஆர்.வி. இரவீந்திரன் மேற்பார்வையில் தொழில்நுட்பக் குழு ஒன்றை அமைத்தது. ஆராயப்பட்ட 29 கருவிகளுள் 5 கருவிகளில் தீங்குநிரல் காணப்பட்டதாகவும், அது பெகாசசு என்பதற்கு முடிவான சான்று இல்லை எனவும் 2022 ஆகஸ்டில் நீதிமன்றத்தில் கூறப்பட்டது. நினைவகத்தில் நிகழும் திருட்டு, தடயத்தை விட்டுச்செல்வது அரிது என்பதையும் இது உணர்த்துகிறது.

8. மறைப்பிலிருந்து திருத்தத்திற்கு

குலுக்கல் பிழையை மறைக்கிறதேயன்றி நீக்குவதில்லை. எனவே பிழையே நேராதவாறு காக்கும் முயற்சிகள் வலுப்பெற்றுள்ளன. அவற்றுள் ஒன்று சென்னையில் நிகழ்ந்தது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் வீ. காமகோடி தலைமையில் உருவான சக்தி செயலித் திட்டத்தின் பகுதியாக, சக்தி எம்.எஸ். என்னும் வடிவமைப்பு 2019இல் ஆய்வுலகுக்கு முன்வைக்கப்பட்டது. ஒவ்வொரு முகவரிச் சுட்டோடும் அது எட்டக்கூடிய தொடக்கமும் முடிவும் இணைத்து வைக்கப்படும். எல்லை கடந்தால் செயலியே தடுக்கும். இது சார்பு முகவரிக்குக் காவலுள்ள எல்லைக்கல் நாட்டுவதற்கு ஒப்பாகும்.

ஆர்ம் நிறுவனத்தின் நினைவகக் குறியிடல் முறை நினைவகத் துண்டுக்கும் அதன் சுட்டுக்கும் ஒரே அடையாளம் இட்டு, அடையாளம் பொருந்தாவிடின் நிறுத்துகிறது. 2023இல் வெளிவந்த பிக்சல் 8 கைப்பேசியில் இவ்வசதி பயனர்க்கு எட்டியது. ரஸ்ட் முதலிய நினைவகப் பாதுகாப்புள்ள மொழிகளில் புதிய பகுதிகளை எழுதத் தொடங்கியதன் பயனாக, ஆண்ட்ராய்டின் பாதுகாப்புக் குறைகளுள் நினைவகப் பிழைகளின் பங்கு 2019இல் 76 விழுக்காடாக இருந்து 2024இல் 24 விழுக்காடாகக் குறைந்தது எனக் கூகுள் அறிவித்தது.

2023 சனவரியில் அறிமுகமான பார்ஓஎஸ், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் அரவணைப்பில் வளர்ந்த நிறுவனம் உருவாக்கிய கைப்பேசி இயங்குதளமாகும். ஆண்ட்ராய்டின் திறமூலத்தை அடிப்படையாகக் கொண்டு, முன்னிறுவப்பட்ட செயலிகள் இன்றி அது வடிவமைக்கப்பட்டது. செயலி குறைந்தால் பிழைக்கான வாயிலும் குறையும் என்பது உண்மை. எனினும் திறமூல அடித்தளத்தோடு அதன் குலுக்கலும், தாய்ச் செயலாக்க மரபும், திருத்தங்களை உடனுக்குடன் சேர்க்க வேண்டிய கடமையும் சேர்ந்தே வரும். உள்நாட்டில் ஆக்கப்பெறுதல் ஒன்றே பாதுகாப்பாகிவிடாது. கெர்னல் பதிப்பு, முகவரியின் பிட் அளவு, திருத்தம் வழங்கும் காலம் ஆகிய மூன்றும் கேட்டறியத் தக்கவை.

முடிவுரை

முகவரிக் குலுக்கல் மதில் அன்று. வழியறியாத அயலானை அலையவிடும் இருள். இருளில் அலைபவனுக்கு ஆகும் நேரமே ஊர்க்காவலனுக்குக் கிடைக்கும் அவகாசம். இந்த ஆய்வால் பெறப்படுவன வருமாறு:

குலுக்கலின் வலிமை அதன் அகலத்தைப் பொறுத்தது. 32 பிட் கருவிகளில் அது இயல்பாகவே குறுகியது.

உறுப்புகளுக்கு இடையேயான தொலைவு மாறாமையால், ஒரு முகவரியின் வெளிப்பாடு முழு அமைப்பின் வெளிப்பாடாகிறது. பகிர்வும் படியெடுப்பும் இம்மெலிவைப் பெருக்குகின்றன.

அவகாசத்துக்குள் திருத்தம் வந்து சேராவிடின் அவகாசத்தால் பயனில்லை. ஸ்டேஜ்ஃபிரைட் நிகழ்வுக்குப் பின் 2015 ஆகஸ்டில் கூகுள் மாதந்தோறும் பாதுகாப்புத் திருத்தங்களை வழங்கத் தொடங்கியதன் பொருள் இதுவே. கைப்பேசி அமைப்புகளில் காணப்படும் பாதுகாப்புத் திருத்தத்தின் நாள், அக்கருவியின் காப்பு எந்நாளோடு நின்றது என்பதை எவர்க்கும் எடுத்துக்காட்டும்.

கருவியை அவ்வப்போது அணைத்துத் தொடங்குதல் புதிய குலுக்கலுக்கு வழிசெய்கிறது. இது எளிய பயனரும் செலவின்றிச் செய்யக்கூடியது. ஆயினும் திருத்தத்துக்கு ஈடாகாது.

திருவாண்டார்கோயில் போன்ற ஊர்களில் ஒரு கைப்பேசி, திருத்தம் நின்ற பின்னும் பல ஆண்டுகள் உழைக்கிறது. மூத்தவரிடமிருந்து இளையவருக்குக் கைமாறுகிறது. நிலத்துக்கு நான்கெல்லை எழுதிக் கல்லில் வெட்டிய காலத்தில், உரிமையின் காப்பு ஊரார் அனைவரும் படிக்கும் இடத்தில் இருந்தது. கைப்பேசியின் காப்பும் அவ்வாறே வாங்குபவர் படிக்கும் இடத்தில் இருத்தல் வேண்டும். எத்தனை ஆண்டுகள் திருத்தம் வரும், கருவி எத்தனை பிட் என்னும் இரு செய்திகளும் விலையோடு சேர்த்துத் தமிழில் எழுதப்படுமாயின், எளியவர் தாம் வாங்கும் அவகாசத்தின் அளவை அறிந்தே வாங்குவர்.